தந்தி வீட்டுக் குருவிகள்

"மாமா, பறவைங்களுக்கு இந்த வீடு பிடிக்கலையா?"

அவள் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளில் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். பின்பக்க ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

கண்ணாடிக்காரர் தேநீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். தோட்டத்தில் ஒரு பறவைகூட இல்லை என்பது உண்மை. ஆறு வருடமாக இந்த வீட்டில் குடியிருந்தும் அதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

"பிடிக்காம என்ன பாப்பா? அதுங்களுக்கு நேரம் கெடைச்சிருக்காது."

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் கெடைக்குதே?"

சுவருக்கு அந்தப் பக்கம் குருவிகளின் இரைச்சல் சந்தைக்கடை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு வயதான அந்தப் பெண் கண்ணாடிக்காரரின் தங்கை மகள். தங்கைக்கு நெஞ்சில் சீக்கு. தூரத்து ஊர் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஆறு மாதம் ஆகும், கூடவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தகப்பன் என்று ஒருவர், இவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே மாமனும் அத்தையும்தான். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறது என்று அத்தை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, புதுக் காகிதம் விரித்து வைத்திருந்தாள். அந்தத் தட்டு அப்படியே காலியாகவே இருந்தது. பாப்பா தன் துணிகளை நீல நிறப் பையிலேயே வைத்திருந்தாள். காலையில் பையிலிருந்து ஒரு சட்டையை எடுப்பாள். துவைத்துக் காய்ந்து வந்ததும் தானே மடித்து மறுபடி பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கட்டில் காலோரம் வைத்துவிடுவாள். எந்த நிமிடமும் யாராவது "கிளம்பலாமா?" என்று கேட்கக்கூடும் என்பது போல.

"எடுத்து நாமளே அடுக்கிடலாமா?" என்று முதல் வாரமே அத்தை கணவரிடம் கேட்டாள்.

"வேண்டாம். அவளா எடுத்து வெக்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, ராத்திரி விளக்கணைக்கும்போதெல்லாம் அவர் கண் அந்தப் பை மேலேயே போய் நின்றது. அந்த ஜிப் திறந்து துணி அலமாரிக்கு வரும் நாள்தான் அந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு வந்த நாள் என்று அவருக்குள் ஒரு கணக்கு.

கடைத்தெருக் கோடியில் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் கடை அவருடையது. முப்பது வருடத் தொழில். "கண்ணாடி போட்டா, போட்டதே தெரியக்கூடாது" என்பது அவருடைய வேதவாக்கு. அப்படி ஒரு கதவைப் போட்டுக் கொடுத்த மறுநாளே, மருந்துக்கடைக்காரர் தன் கடைக் கதவிலேயே மோதி மூக்கைப் புடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் அதை நற்சான்றிதழ் மாதிரி வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. அழுக்கு என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. ஒரு சருகு உதிர்ந்தால் தரையைத் தொடும் முன்பே பிடித்துவிடுவாள் என்று கணவர் கேலி செய்வார். கண்ணாடி பளபளக்க, தோட்டத்து மண் கோலம் போடலாம் போல் இருக்க, பார்ப்பவர்கள் எல்லாரும் மெச்சிய வீடு அது. பறவைகள் மட்டும் மெச்சவில்லை.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். குருவியை வரவழைத்தே தீருவது.

கண்ணாடிக்காரர் தீனிப் பெட்டி செய்தால் எதில் செய்வார்? மூன்று நாள் கடை வேலையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறு பட்டையாகக் கண்ணாடி அறுத்து, விளிம்பெல்லாம் கை வழுக்கும்படி தேய்த்து, ஒரு பெட்டி செய்தார். உள்ளே தினையும் உடைத்த சோளமும் கொட்டி மரக்கிளையில் தொங்கவிட்டபோது, வெயில் பட்டுத் தோட்டம் முழுக்க வெளிச்சம் சிதறியது. பாப்பாகூட "அய்யோ!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவருக்கு மேல் ஒரு தலை எழுந்தது.

"அரண்மனை விளக்கா?"

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருடம் ஊர் முழுக்க அடுத்தவர் சேதியைச் சுமந்து கொடுத்ததாலோ என்னவோ, தன் சேதியைச் சொல்ல அவரிடம் வார்த்தை மிச்சமிருக்கவில்லை. "மழை. துணி." என்று சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தால், மழை வருகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுங்கள் என்று அர்த்தம். தெருவில் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். மனைவி போய் எட்டு வருடமாகத் தனியாள்.

"தீனிப் பெட்டிண்ணே. குருவிக்கு," என்றார் கண்ணாடிக்காரர் பெருமையாக.

தந்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மின்னுது. வழுக்கும். வராது."

தலை மறைந்துவிட்டது.

"பொறாமை," என்றார் கண்ணாடிக்காரர் தன் மனைவியிடம். "அவர் வீட்டுக் கூட்டம் இந்தப் பக்கம் வந்துடுமோன்னு பயம்."

ஒரு வாரம் ஆயிற்று. குருவி என்ன, குருவியின் நிழல்கூட விழவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாப்பா ஜன்னலில் காவல் இருந்தாள். ஒரு நாள் மட்டும் சேதி இருந்தது.

"மாமா, இன்னிக்கு ஒரு எறும்பு வந்துச்சு. ஏறப் பாத்து மூணு தடவ வழுக்கி விழுந்துடுச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு."

சிரிக்காமல் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. அன்று சாயங்காலம் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

"அண்ணே."

"ம்."

"வரலைண்ணே."

தந்தி குத்திக் காட்டவில்லை. அது அந்த மனிதரின் குணம். மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வழக்கத்துக்கு அது ஒரு பெரிய பிரசங்கம் என்னும்படி பேசினார்.

"மரம். பழைய மரமா பாரு. மேல கூரை. பக்கத்துல தண்ணி. அப்புறம், பெருக்காத."

"பெருக்காதன்னா?"

"சருகு. புதர். பூனை வந்தா ஒளியணும். உன் தோட்டம் மொட்டைத் தலை."

கண்ணாடி வந்து இறங்கிய பழைய பெட்டிப் பலகைகள் கடையில் கிடந்தன. அவற்றை ஆணியடித்து, கோணலும் மாணலுமாக ஒரு பெட்டி செய்தார். கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தொழில்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை மாட்டுவது சுலபமாக முடிந்தது. மனைவியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

"என்னங்க, பெருக்காம எப்படிங்க? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"வர்றது யாரு? குருவிதானே? அது ஒண்ணும் நெனைக்காது."

அத்தை பாப்பாவைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தாள். கை அரித்தது போலும், அந்த வாரம் முழுக்க வாசற்பக்கத்தை நாளுக்கு மூன்று தரம் பெருக்கினாள்.

அப்படியும் பதினோரு நாள் எதுவும் வரவில்லை. பறவைக்குப் பழகின கிளை, பழகின பெட்டி என்று ஒன்று இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இலை போட்டு விருந்து நடக்கும்போது இந்தப் பக்கம் புது வீட்டை எட்டிப் பார்க்க அதற்கென்ன தலையெழுத்தா? ஞாயிறுதோறும் தங்கை தொலைபேசியில் பேசுவாள். "அம்மா, இன்னும் ஒண்ணும் வரலம்மா" என்று பாப்பா சொல்வதைக் கேட்க மாட்டாமல் கண்ணாடிக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு பேரும் தோட்டத்தில் நின்றார்கள். பாப்பா தண்ணீர்த் தட்டில் விழுந்த இலையை எடுத்துப் போட்டாள்.

"விடுங்க மாமா. அதுங்க வராது."

"ஏன் பாப்பா அப்படிச் சொல்ற?"

"அதுங்களுக்குத்தான் வேற வீடு இருக்குல்ல. அந்த வீட்டுலேருந்து கூப்பிட்டா உடனே போகணும். அதான் இங்க வந்து உக்காரல."

பொறுமையாக, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து காலிப் பெட்டியைப் பார்த்தார். அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுபோனதை அவர் காது கேட்டது, ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை பாப்பா போட்ட கூச்சலில் அத்தை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"மாமா! மாமா! வந்துடுச்சு!"

ஒன்றல்ல, ஏழு குருவிகள். கோணல் கூரை மேல் இரண்டு, பலகையில் மூன்று, கீழே சருகுக்குள் இரண்டு. சிந்துவதும் சண்டை போடுவதுமாக ஒரே அமளி. பின்னாலேயே ஒரு மைனா வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறவரைப் போல அங்குமிங்கும் நடந்தது.

"எங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கு!" என்று பாப்பா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் அந்த வீட்டுச் சுவர்களுக்கே புதிது.

அப்புறம் தினமும் அதே வேலைதான். மைனா ஹெட்மாஸ்டர் ஆயிற்று. ஓயாமல் கத்தும் ஒரு பெண் குருவிக்கு 'கண்டக்டர் அக்கா' என்று பெயர். வலது காலை மடக்கியே வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தும் சின்னக் குருவி ஒன்று இருந்தது. அதற்கு 'நொண்டிக்குட்டி'. மற்றவை தின்று முடிக்கும்வரை அது ஓரமாகக் காத்திருக்கும். பாப்பாவுக்கு அதன் மேல்தான் உயிர்.

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் பெட்டியின் பெருமையை அளந்தார். அதோடு விட்டாரா? ஒரு நாள் சுவரருகே தந்தியைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னண்ணே, பாத்தீங்களா? உங்க ஆளுங்க மொத்தமும் இப்போ நம்ம கட்சி!"

தந்தி சுவருக்கு மேலாக அவர்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "பொண்ணு சிரிக்குதா?" என்று கேட்டார்.

"சிரிக்காம? சத்தம் உங்க வீடு வரைக்கும் கேக்குமே!"

"ம். கேக்குது. நல்லது."

மறுபடியும் தலை மறைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அத்தையும் பாப்பாவும் பள்ளிக்கூட ஷூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். குழந்தை நன்றாகப் பார்க்கட்டுமே என்று கண்ணாடிக்காரர் பின்பக்க ஜன்னலைக் கழுவ உட்கார்ந்தார். உள்ளேயும் வெளியேயும் சோப்பு நீர் போட்டு, ரப்பர் பட்டையால் வழித்து, காகிதத்தால் துடைத்து, தலையைச் சாய்த்து ஒரு கோடு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. தோட்டத்து மரம் அதற்குள் அப்படியே நின்றது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம்.

ஜன்னலுக்குக் கீழே சருகின் மேல் நொண்டிக்குட்டி மல்லாந்து கிடந்தது. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இறகுத் தடம்.

கையில் எடுத்தார். பஞ்சு மாதிரி எடையே இல்லை. தலை ஒரு பக்கம் சரிந்தது. மருந்துக்கடைக்காரரின் மூக்கு நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் குழந்தை வந்துவிடும். வந்ததும் ஜன்னலுக்குத்தான் ஓடுவாள். 'கடவுளே, என் பெருமைக்கு இந்தச் சின்ன உயிரா கிடைச்சுது?' என்று முணுமுணுத்துக்கொண்டே, என்ன செய்வதென்று தெரியாமல், குருவியை இரு கையாலும் பொத்திப் பக்கத்து வீட்டுக் கதவைத் தோளால் இடித்தார்.

தந்தி கதவைத் திறந்தார். கையைப் பார்த்தார்.

"கண்ணாடி?"

"ஆமாண்ணே."

"உள்ள வா."

ஒரு பழைய செருப்புப் பெட்டி வந்தது. அதற்குள் மெல்லிய துணி. குருவியை நிமிர்த்தி வைத்து மூடியைச் சாத்தி, சமையலறை மூலையில் இருட்டான இடமாகப் பார்த்து வைத்தார்.

"தண்ணி குடுக்கட்டுமாண்ணே?"

"வேணாம். தொடாத. பேசாத. இரு."

இருந்தார். வேறு வழி? உட்காரச் சொல்லாததால் நின்றார். நின்றபடியே அந்தச் சமையலறையைப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு அடுப்பு. தோட்டத்துப் பக்கம் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, பழுப்பு ஒட்டுக் காகிதத்தால் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு நேராக ஒரு நாற்காலி. உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தது. நாற்காலியின் கண் போகும் வழியில் அவர் கண்ணும் போயிற்று. வெளியே ஒரு கிளை. கிளையில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்த வீட்டுத் தோட்டத்தின் அமைதி அவருக்கு உறைத்தது.

ஜன்னல் விளிம்பின் உட்புறம் ஒரு பொட்டலம் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு, தபாலில் அனுப்பப் போகிற பார்சல் மாதிரி நான்கு மூலையும் மடித்துக் கட்டியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் தேய்ந்த மரக் கூரை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, உங்க தீனிப் பெட்டியை ஏன் எடுத்துட்டீங்க?"

தந்தி செருப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி."

"எலியா?"

"தொல்லை. எடுத்துட்டேன்."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். சுவரோரம் தினை மூட்டை ஒன்று வாய் திறந்தபடி கிடந்தது. அதில் ஒரு பல் தடம் இல்லை, கீழே ஒரு மணி சிந்தியிருக்கவில்லை. எலி இருக்கிற வீட்டில் தினை மூட்டை அப்படிக் கிடக்குமா? பொட்டலத்துச் செய்தித்தாளில் தேதி தெரிந்தது. அது ஒரு புதன்கிழமை. பாப்பாவின் கூச்சலில் கரண்டி விழுந்த வியாழனுக்கு முந்தைய நாள். அதற்கும் முந்தைய நாள் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், "உங்க ஆளுங்க மொத்தமும் நம்ம கட்சி" என்று தான் பல்லைக் காட்டியதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கேட்டுவிடலாமா? வாய் வரை வந்தது. ஆனால் ஒரு மனிதர் ஒளித்து வைத்துச் செய்த நல்லதை இழுத்து வெளிச்சத்தில் போடுவது, அவர் சட்டைப் பையில் கை விடுவது மாதிரிதான். அவரும் செருப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் செருப்புப் பெட்டிக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு பிறாண்டல். தந்தியின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார். நொண்டிக்குட்டி ஒரு கணம் இரண்டு பேரையும் கோபமாக முறைத்தது. பிறகு விர்ரென்று எழும்பிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

"கண்ணாடிய அழுக்காக்கு," என்றார் தந்தி.

"எப்படிண்ணே?"

"சோப்பு. கோடு. விரலளவு இடம் விட்டு. இருக்குன்னு தெரியணும்."

கண்ணாடிக்காரர் பாப்பாவிடம் மறைக்கவில்லை. ஷூப் பெட்டியோடு அவள் உள்ளே வந்ததும், நொண்டிக்குட்டி பிழைத்துக்கொண்டதை முதலிலும், மோதியதைப் பிறகுமாகச் சொன்னார்.

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும். என் தப்புதான் பாப்பா. இங்க ஒரு வீடு இருக்குன்னு அதுக்குத் தெரியற மாதிரி நான் வெக்கல."

அவள் யோசித்தாள்.

"நாம தெரியற மாதிரி வெச்சுடலாம் மாமா."

சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போனார்கள். அவர் மேல் பாதியில் நேர்க்கோடாகப் போட்டார். அவள் கீழ்ப் பாதியில் கோடு, வட்டம், கால் ஆறுள்ள ஒரு பூனை, பள்ளிக்கூடம் என்று மனம் போனபடி வரைந்தாள். அவர் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமான ஜன்னலை அவர் பார்த்ததில்லை. அதை அவர் துடைக்கவும் விடவில்லை.

அத்தை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பெருக்கக் கூடாதுன்னீங்க. இப்போ துடைக்கவும் கூடாதா? நாளைக்குக் குளிக்கவும் கூடாதும்பீங்க போல!"

"குருவி மண்ணுலதான் குளிக்கும் அத்தை," என்றாள் பாப்பா.

அது நடந்த இரண்டு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தானியம் வைத்திருந்த காகிதப் பை நமுத்துக் கிழிந்து, தினை அடுப்படியில் கொட்டியது. அத்தை குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது பாப்பா உள்ளே போனாள். கட்டில் பக்கம் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது நீலப் பை அவள் கையில் காலியாகத் தொங்கியது.

"அத்தை, இது நனையாது. இதுல போட்டு வெச்சுக்கலாமா?"

"அதுல உன் துணி இருக்குமே கண்ணு?"

"அலமாரில வெச்சுட்டேன். அம்மா வந்தா எடுத்துக்கலாம். இப்போ அதுங்களுக்குத்தானே பை வேணும்?"

அத்தை அள்ளிய தினையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். கோணலாக அடுக்கியிருந்த ஐந்து சட்டைகளையும் ஒரு மூலைகூடச் சரிசெய்யாமல் மறுபடி மெல்லச் சாத்தினாள். அந்தக் கைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவள் கணவருக்கு மட்டும் தெரியும்.

அன்று படுக்கும் முன் கண்ணாடிக்காரர் நெடுநேரம் பிரார்த்தனை செய்தார். தங்கைக்காக, குழந்தைக்காக, அப்புறம் ஒரு கடனுக்காக. பணமாக இருந்தால் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கைகழுவலாம். ஒரு மனிதர் தன் காலைப் பொழுதையே பார்சல் கட்டிச் சுவர் தாண்டி அனுப்பியிருக்கிறார். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஆளா அவர்?

வழி தானாகவே திறந்தது. மாதக் கடைசியில் சுவருக்கு மேல் தலை எழுந்தது.

"நாலு நாள் இருக்க மாட்டேன்."

"எங்கண்ணே?"

"கண். புரை. ஆபரேஷன். அக்கா பையன் கார்ல வர்றான்."

"வீட்ட நான் பாத்துக்கவாண்ணே?"

"என்ன இருக்கு பாக்க?"

கார் போன மறுநாள், பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கும் மனைவியை வேலைக்கும் அனுப்பிவிட்டு, கண்ணாடிக்காரர் காலையில் கடையைத் திறக்கவில்லை. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அளவாக அறுத்த ஒரு கண்ணாடியைச் சாக்கில் சுற்றி இடுக்கிக்கொண்டு, பின்பக்கப் படல் வழியாகத் தந்தியின் தோட்டத்துக்குள் போனார். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிப் போடுகிறவனுக்கு வீட்டுச் சாவி வேண்டாம். வெளியிலிருந்தே முடிந்துவிடும்.

சட்டத்தோடு கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய மக்குப் பசையைச் சுரண்டினார். சின்ன ஆணிகளைப் பிடுங்கினார். விரிசல் விட்ட கண்ணாடி இரண்டு துண்டாகக் கைக்கு வந்தது. திறந்த சட்டத்துக்குள் கை விட்டால் எட்டும் தூரத்தில், விளிம்பில் அந்தப் பொட்டலம். அடுத்தவர் வீட்டுக்குள் கை விடும்போது உடம்பு ஒரு தரம் கூசியது. 'சாமி, நான் எடுக்க வரல, வெக்கத்தான் வந்திருக்கேன்' என்று சொல்லிக்கொண்டு அதை வெளியே எடுத்தார். சணல் முடிச்சு தபால்காரர் முடிச்சு. அவிழ்க்கக் கால்மணி நேரம் பிடித்தது. கயிறைச் சுருட்டி, செய்தித்தாளை மடித்து, இருந்த இடத்திலேயே உள்ளே வைத்தார். பிறகு புதுக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, ஆணியடித்து, புது மக்கு பூசினார்.

பெட்டியைப் பழைய கொக்கியில் மாட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தினையால் நிரப்பினார். அப்புறம் சுவரைச் சுற்றிக்கொண்டு தன் தோட்டத்துக்குப் போய், தன் கோணல் பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்தார். பாப்பா வரும் முன் மறுபடி மாட்டிவிட்டார். நாலு நாளும் காலையில் கழற்றுவதும் மாலையில் மாட்டுவதுமே வேலையாக இருந்தது. கடை மத்தியானம்தான் திறந்தது.

"தினை ஏங்க இவ்வளவு சீக்கிரம் கொறையுது?" என்று மனைவி கேட்டாள்.

"எலியா இருக்கும்."

பொய்தான். ஆனால் அதுவும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பொய்.

முதல் நாள் எதுவும் வரவில்லை. இரண்டாம் நாள் குருவிகள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துச் சண்டை போட்டன. மூன்றாம் நாள் கண்டக்டர் அக்கா முதலில் போனாள். அப்புறம் மற்றவை. பழைய பெட்டியை அவை மறந்திருக்கவில்லை. மாலையில் இந்தப் பக்கமும் வழக்கம்போல வந்தன. சுவர் மனிதர்களுக்குத்தான், அவற்றுக்கு இரண்டும் ஒரே தோட்டம். பாப்பாவின் கணக்கில் ஒன்றும் குறையவில்லை.

நாலாம் நாள் காலை, கார் வருவதற்குள் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுக் கண்ணாடியை ஒரு முறை நன்றாகத் துடைத்தார். முப்பது வருடக் கை, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஒரே ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சோப்புத் துண்டை எடுத்து, விரலளவு இடம் விட்டு விட்டுக் கோடு போட்டார். கோடுகளுக்கு நடுவே, நாற்காலியில் உட்காருகிறவரின் கண் மட்டத்துக்குக் கிளையும் கொக்கியும் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். புது மக்கு வெள்ளையாகப் பல்லிளித்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து அதன் மேல் தேய்த்துப் பழசாக்கினார்.

கண் திறந்து வரும் மனிதர், எல்லாம் புதுக் கண்ணின் வேலை என்று நினைத்துக்கொள்ளட்டும். மீறிக் கேட்டால், எலிதான் மாட்டியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு, படலை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார். ஆளில்லாத அந்தத் தோட்டத்தில், நொண்டிக்குட்டி ஒற்றைக்காலில் தத்தி வந்து, யாரும் பார்க்காத பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து தின்னத் தொடங்கியது.